சிறுநீரக நோயும் ஆயத்த உணவுத் தெரிவும்

சிறுநீரக நோயாளருக்கான ஆயத்த உணவுத் தெரிவு என்பது, வீட்டிற்கு வெளியே சமைக்கப்பட்ட அல்லது பதப்படுத்தப்பட்ட ஓர் உணவு, சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்த ஒருவர் உண்ணத்தக்கதா, ஆம் எனில் எவ்வளவு உண்ணத்தக்கது என்பதை முடிவு செய்யும் முறையாகும். பொட்டலங்களில் விற்கப்படும் தின்பண்டங்கள், உணவகச் சிற்றுண்டிகள், இனிப்புக் கடைப் பண்டங்கள், கருவாடு, அப்பளம், வற்றல், ஊறுகாய் போன்ற பதப்படுத்திய உணவுகள் ஆகியன இங்கு ஆயத்த உணவுகள் எனக் கொள்ளப்படுகின்றன. வீட்டில் சமைக்கும்போது உப்பின் அளவும் சேரும் பொருள்களும் சமைப்பவரின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆயத்த உணவில் அவ்வாறு இல்லை. எனவே உணவின் சுவையையோ, அது "உடலுக்கு நல்லது" என்ற பொதுப் பெயரையோ கொண்டு முடிவு செய்யாமல், அதில் உள்ள சோடியம், பொட்டாசியம், பாசுபரசு, புரதம், நீர் ஆகிய ஐந்தையும் தனித்தனியே பார்க்க வேண்டியுள்ளது.

பின்னணி

உடல்நலம் உள்ளவரின் சிறுநீரகம், உணவின் வழியாக வரும் மிகுதியான உப்புகளையும் புரதச் சிதைவில் உண்டாகும் யூரியா போன்ற கழிவுகளையும் சிறுநீரின் வழியே வெளியேற்றுகின்றது. ஒரு நாள் கூடுதலாக உப்பு உண்டாலும், அடுத்த சில நாட்களில் உடல் சமநிலைக்குத் திரும்பிவிடும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையும்போது இந்தத் தாங்குதிறனும் குறைகின்றது.

வடிகட்டும் திறன் குறைவோ, சிறுநீரில் புரதம் வெளியேறுதல் போன்ற பாதிப்பின் அடையாளமோ மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய் எனப்படுகின்றது. இரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவிலிருந்து வடிகட்டும் வீதம் கணக்கிடப்படுகின்றது. நிமிடத்திற்கு 90 மில்லிலீட்டரும் அதற்கு மேலும் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழ் ஐந்தாம் நிலை என்று இந்நோய் பகுக்கப்பட்டுள்ளது. முதல் இரண்டு நிலைகளில் பாதிப்பின் வேறு அடையாளமும் இருந்தால்தான் அது நோயாகக் கொள்ளப்படும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோய்க்கான முதன்மைக் காரணங்கள் ஆகும்.

கவனிக்க வேண்டிய கூறுகள்

சோடியம்

உணவில் உள்ள சோடியத்தின் பெரும்பகுதி சமையல் உப்பிலிருந்து வருகின்றது. சமையல் உப்பின் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம் ஆகும். எனவே 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2000 மி.கி. சோடியம் உள்ளது. சிறுநீரக நோயாளர்கள் நாளொன்றுக்கு 2000 மி.கி. சோடியத்திற்குள் நிற்க வேண்டும் என்று 2024 ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சிறுநீரக நோய் வழிகாட்டுதல் கூறுகின்றது. சோடியம் மிகுந்தால் உடலில் நீர் தேங்குகின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் ஏற்படலாம்.

உப்பு மட்டுமே சோடியத்தின் வழி அன்று. சமையல் சோடாவின் எடையில் 27 விழுக்காடு சோடியம் ஆகும். அப்பளத்தில் சேரும் அப்பளக்காரம், சுவையூட்டியாகச் சேர்க்கப்படும் மோனோசோடியம் குளூட்டமேட்டு, பதப்பொருளாகச் சேரும் சோடியம் பென்சோயேட்டு ஆகியவற்றிலும் சோடியம் உண்டு. இவற்றுள் சில நாவுக்கு உப்பாகத் தெரிவதில்லை.

பொட்டாசியம்

இரத்தத்தில் பொட்டாசியம் பொதுவாக லீட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்கும். இதயத் தசையின் சீரான துடிப்பு இந்தக் குறுகிய எல்லையைச் சார்ந்துள்ளது. அளவு 6-ஐக் கடக்கும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து நேரலாம். பெரும்பாலும் முன் அறிகுறி எதுவும் தெரிவதில்லை என்பதே இதன் கொடுமை ஆகும். இரத்த அழுத்தத்திற்கும் சிறுநீரகப் பாதுகாப்பிற்கும் தரப்படும் எனலாபிரில், தெல்மிசார்ட்டான், இசுப்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக் கூடியவை.

சிறுநீரக நோயாளர் அனைவருக்கும் பொட்டாசியக் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் அளவு உயர்ந்திருப்பவர்களுக்கே அது விதிக்கப்படுகின்றது. அவ்வாறு விதிக்கப்படும்போது நாளொன்றுக்கு 2000 முதல் 3000 மி.கி. வரை என்று வரையறுக்கப்படுவது உண்டு. காரணமின்றிப் பழங்களையும் காய்களையும் விலக்குவது நார்ச்சத்துக் குறைவிற்கும் மலச்சிக்கலுக்கும் இட்டுச்செல்லும். சிறுநீரகம் பழுதடைந்தவரின் உடலில் பொட்டாசியத்தின் ஒரு பகுதி குடல் வழியே வெளியேறுவதால் மலச்சிக்கலும் பொட்டாசிய உயர்வுக்குத் துணைபோகின்றது.

பாசுபரசு

பாசுபரசு மிகுந்தால் எலும்புகள் வலுவிழக்கின்றன. இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகின்றது. தோலில் கடும் அரிப்பு ஏற்படலாம். இங்கு அளவைப் போலவே பாசுபரசின் வடிவமும் முக்கியமானது. பருப்பு, தானியம் ஆகியவற்றில் பாசுபரசு பெரும்பாலும் பைட்டேட்டு என்னும் வடிவில் உள்ளது. மனிதக் குடலில் இதனைச் சிதைக்கும் நொதி மிகக் குறைவாதலால் அதில் பாதிக்கும் குறைவான பங்கே உறிஞ்சப்படுகின்றது. பால், இறைச்சி ஆகியவற்றின் பாசுபரசு இதைவிடக் கூடுதலாக உறிஞ்சப்படுகின்றது. ஆலைகளில் சேர்க்கப்படும் பாசுபேட்டு உப்புகளோ பெரும்பாலும் முழுமையாகவே உறிஞ்சப்படுகின்றன. ஆகவே ஒரே அளவு பாசுபரசு உள்ள இரு உணவுகள் உடலில் ஒரே விளைவை ஏற்படுத்துவதில்லை.

புரதம்

புரதம் தேவையானது; அதன் சிதைவுப் பொருள்கள் சிறுநீரகத்திற்குச் சுமையானவை. டயாலிசிசு செய்துகொள்ளாத மூன்று முதல் ஐந்தாம் நிலை நோயாளருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகின்றது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 48 கிராம் ஆகும். டயாலிசிசு செய்துகொள்பவருக்கு இந்த அளவு கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கின்றது. அதாவது அதே எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். டயாலிசிசின்போது அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவது இதற்கு ஒரு காரணம். இதனால் ஒரு நிலையில் குறைக்கச் சொல்லப்பட்ட உணவு அடுத்த நிலையில் கூட்டச் சொல்லப்படலாம். பழைய உணவுத்தாளை அப்படியே பின்பற்றுவோர் டயாலிசிசு தொடங்கிய பின்னர் மெலிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

நீர்

சிறுநீர் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குடிக்கத்தக்க நீரின் அளவை மருத்துவர் வரையறுப்பார். இரசம், மோர், கஞ்சி, பாயசம், பனிக்கூழ் ஆகியனவும் இந்தக் கணக்கில் சேரும்.

விவரச்சீட்டைப் படித்தல்

இந்தியாவில் பொட்டல உணவுகளின் விவரச்சீட்டு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அச்சிடப்படுகின்றது. ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, மாறுபக்கக் கொழுப்பு, கொலசுட்டிரால், சோடியம் ஆகியன அதில் தரப்பட வேண்டியவை. பொட்டாசியமும் பாசுபரசும் இந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே ஊட்டச்சத்து அட்டவணையில் பொட்டாசியம் குறிக்கப்படவில்லை என்பதை, அது உணவில் இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. அட்டவணை சோடியத்திற்கு மட்டும் நேரடி விடை தருகின்றது. ஏனைய இரண்டையும் உட்பொருள் பட்டியலிலிருந்து ஊகிக்க வேண்டும்.

சோடியக் கணக்கு

எடுத்துக்காட்டாக, 150 கிராம் எடையுள்ள ஒரு முறுக்குப் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 520 கிலோகலோரி ஆற்றலும் 900 மி.கி. சோடியமும் குறிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். பரிமாறல் அளவு 30 கிராம் என்று அச்சிடப்பட்டுள்ளது.

1. ஒரு பரிமாறல் அளவில் சோடியம் 270 மி.கி. இது 2000 மி.கி. நாள் வரம்பில் 13.5 விழுக்காடு.
2. பொட்டலம் முழுவதையும் ஒருவர் தின்றால் சோடியம் 1350 மி.கி. இது நாள் வரம்பில் 67.5 விழுக்காடு.

விவரச்சீட்டில் உள்ள விழுக்காடு பரிமாறல் அளவிற்கானது. உண்ணும் அளவு அதுவன்று எனில், விழுக்காட்டையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கிட நேரமில்லாத இடத்தில் ஓர் எளிய ஒப்பீடு பயன்படும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2000 கிலோகலோரி உண்பவருக்குச் சோடிய வரம்பு 2000 மி.கி. எனவே 100 கிராமுக்கான சோடிய எண் (மி.கி.) ஆற்றல் எண்ணை (கிலோகலோரி) விடப் பெரியதாக இருந்தால், அந்த உணவு தன் பங்கிற்கு மேல் உப்பைக் கொண்டு வருகின்றது எனலாம். மேற்கண்ட முறுக்கில் 900 என்பது 520-ஐ விடப் பெரியது. ஆகவே அது உப்பு மிகுந்த பண்டம். எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களில் ஆற்றல் எண் உயர்ந்திருப்பதால் இந்த ஒப்பீடு அவற்றைத் தாராளமாகவே மதிப்பிடும். இதில் தோற்ற உணவு உறுதியாக உப்பு மிகுந்தது. தேறிய உணவு அனைத்தும் நல்லவை என்பதற்கில்லை.

சேர்க்கைப் பொருள் எண்கள்

உட்பொருள் பட்டியலில் சேர்க்கைப் பொருள்கள் பெரும்பாலும் பன்னாட்டு எண் முறையில் (ஐ.என்.எஸ்.) குறிக்கப்படுகின்றன. சிறுநீரக நோயாளர் அறிந்திருக்க வேண்டிய சில எண்கள் வருமாறு:

• 338 – பாசுபாரிக்கு அமிலம் (கோலா வகைப் பானங்கள்)
• 339, 340, 341 – முறையே சோடியம், பொட்டாசியம், கால்சியம் பாசுபேட்டுகள்
• 450, 451, 452 – இருபாசுபேட்டு, முப்பாசுபேட்டு, பல்பாசுபேட்டு (பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, உறைய வைத்த இறால், ரொட்டிசோடாப் பொடி)
• 508 – பொட்டாசியம் குளோரைடு
• 501 – பொட்டாசியம் கார்பனேட்டு
• 500 – சோடியம் கார்பனேட்டு மற்றும் பைகார்பனேட்டு (பிசுக்கட்டு, அணிச்சல்)
• 621 – மோனோசோடியம் குளூட்டமேட்டு

338 முதல் 341 வரையிலும் 450 முதல் 452 வரையிலும் உள்ள எண்கள் எளிதில் உறிஞ்சப்படும் பாசுபரசைக் குறிக்கின்றன. 340, 501, 508 ஆகியன பொட்டாசியத்தைக் குறிக்கின்றன. உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், தக்காளிக் கூழ், பால்பொடி, நிலக்கடலை, முந்திரி, உருளைக்கிழங்கு ஆகியன பட்டியலின் தொடக்கத்தில் இருந்தால் பொட்டாசியம் மிகுந்திருக்கும் எனக் கொள்ளலாம்.

விவரச்சீட்டு இல்லாத உணவுகள்

உணவகச் சிற்றுண்டிக்கும் தெருக்கடைப் பலகாரத்திற்கும் விவரச்சீட்டு இல்லை. இவற்றை மூன்று வினாக்களைக் கொண்டு மதிப்பிடலாம்.

முதலாவது, உணவு எதனால் கெடாமல் இருக்கின்றது? உப்பில் ஊறியோ உப்பிட்டு உலர்ந்தோ கெடாமல் இருக்கும் உணவில் சோடியம் தவிர்க்க முடியாதது. உப்பு அங்கு வெறும் சுவையன்று, காப்புப் பொருள். 12 விழுக்காடு உப்புள்ள ஊறுகாயில் 10 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் 1.2 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ 470 மி.கி. சோடியம் உள்ளது. இது நாள் வரம்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

இரண்டாவது, சமைத்த நீர் எங்கே போயிற்று? பொட்டாசியம் நீரில் கரையக் கூடியது. காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடிக்கும்போது அதன் கணிசமான பகுதி நீரோடு போய்விடும். வடித்த சோற்றில் பொட்டாசியம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழம்பிலும் சாம்பாரிலும் அந்த நீர் வடிக்கப்படுவதில்லை; அதுவே உணவாகின்றது.

மூன்றாவது, எது சுண்டியிருக்கின்றது? பால், தக்காளி, பதநீர் ஆகியவற்றைக் காய்ச்சிச் சுண்டவைக்கும்போது நீர் மட்டுமே ஆவியாகின்றது; தாது உப்புகள் அப்படியே தங்கிச் செறிவடைகின்றன.

திருநெல்வேலி வட்டார உணவுகள்

மேற்கண்ட வினாக்களைத் தாமிரபரணிக் கரை உணவுகளுக்குப் பொருத்திப் பார்த்தால், பொதுவாக எண்ணப்படுவதற்கு மாறான விடைகள் சில கிடைக்கின்றன.

தேநீர்

மாஞ்சோலை, திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மீது, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில் அமைந்துள்ள மலையூராகும். சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929 ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட நிலத்தில் பம்பாய் பர்மா வணிக நிறுவனம் இங்குத் தேயிலைத் தோட்டம் நடத்தி வந்தது. 2024 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் பணிகளை முடித்துக்கொண்டது. தேயிலை வடிநீரில் 100 மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 40 மி.கி. பொட்டாசியமே உள்ளது; பாசுபரசு மிகச் சிறிதளவே. ஆகவே அளவான கட்டந்தேநீர் சிறுநீரக நோயாளருக்கு ஏற்ற பானங்களுள் ஒன்று. பால் சேரும்போது கணக்கு மாறுகின்றது. பாலில் 100 மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 100 மி.கி. பாசுபரசும், அதைவிடக் கூடுதலான பொட்டாசியமும் உள்ளன. நாளில் நான்கைந்து முறை பால் தேநீர் அருந்துபவர் தேநீரை அன்று, பாலையே கணக்கிட வேண்டும்.

கருவாடு, அப்பளம், வற்றல்

கடைத்தெருவிலிருந்து தொலைவில் உள்ள மலையூர்களில், கெடாமல் இருக்கும் உணவுகளுக்கு இயல்பாகவே இடம் கூடுதல். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் ஆகிய மூன்றும் முதல் வினாவிலேயே சிக்குகின்றன. கருவாட்டில் நல்ல புரதம் இருந்தும் அதன் உப்பு தடையாகின்றது. நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசினால் உப்பின் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்குவதில்லை. அதே புரதத்திற்குப் புதிய மீனோ முட்டையின் வெண்கருவோ மேலானது. வெண்கருவில் ஒரு கிராம் புரதத்திற்கு ஏறத்தாழ 1.4 மி.கி. பாசுபரசும், முழு முட்டையில் ஏறத்தாழ 16 மி.கி., பாலில் ஏறத்தாழ 28 மி.கி. பாசுபரசும் உள்ளன. டயாலிசிசு நோயாளருக்கு வெண்கரு பரிந்துரைக்கப்படுவதன் காரணம் இதுவே.

இட்டிலியும் சாம்பாரும்

இட்டிலியில் அரிசி மிகுதி, உளுந்து குறைவு. பொட்டாசியம் அதிகம் இல்லை. மாவு புளிக்கும்போது பைட்டேட்டு ஓரளவு சிதைவதால் உளுந்தின் பாசுபரசு சற்றுக் கூடுதலாக உறிஞ்சப்படும். எனினும் மொத்த அளவு சிறியது. தட்டில் சுமையைக் கூட்டுவது தொடுகறிதான். சாம்பாரில் பருப்பு, தக்காளி, புளி, காய் ஆகிய நான்கின் பொட்டாசியமும் நீரிலேயே தங்கியிருக்கின்றது. உப்பும் அதில்தான் உள்ளது. எனவே இட்டிலியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு உண்பதற்கும், சாம்பாரைச் சிறிது தொட்டு உண்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, இட்டிலியின் எண்ணிக்கையைக் குறைப்பதால் வரும் வேறுபாட்டை விடப் பெரியது.

சொதி

திருநெல்வேலித் திருமண வீடுகளில் மறுநாள் விருந்தாகப் பரிமாறப்படும் சொதி, தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யப்படுவது. காரமும் புளியும் குறைவாதலால் இது "பத்திய உணவு" போலத் தோன்றுகின்றது. ஆனால் தேங்காய்ப்பாலில் 100 கிராமுக்கு 200 மி.கி.-க்கு மேல் பொட்டாசியம் உண்டு. உருளைக்கிழங்கில் 400 மி.கி.-க்கு மேல் உண்டு. வேகவைத்த நீர் வடிக்கப்படுவதும் இல்லை. பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர் சொதியைச் சிறிதளவே கொள்ள வேண்டும்.

இனிப்புகள்

திருநெல்வேலி அல்வா கோதுமைப்பால், சர்க்கரை, நெய் ஆகியவற்றால் ஆனது. இவற்றுள் எதுவும் பொட்டாசியம் மிகுந்ததன்று. ஆகவே சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்திருந்தும், சிறுநீரகக் கணக்கில் மட்டும் பார்த்தால் அல்வா பெரிய குற்றவாளியன்று. நீரிழிவு உள்ளவருக்கு இந்த விடை பொருந்தாது. சிறுநீரக நோயாளர்களுள் நீரிழிவு உள்ளவர்கள் மிகுதி என்பதையும் மறக்கலாகாது.

2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, மூன்றாம் வினாவிற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுண்டிய பாலின் பாசுபரசு முழுவதும் அதில் உள்ளது. 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில், நிலக்கடலையின் பொட்டாசியமும் (100 கிராம் கடலைக்கு ஏறத்தாழ 700 மி.கி.) வெல்லத்தின் பொட்டாசியமும் சேர்கின்றன. புரதத்திற்காக அதனைத் தேர்வதாயின் அளவு கருதியே தேர வேண்டும்.

இளநீரும் கருப்பட்டியும்

இளநீரில் 100 மில்லிலீட்டருக்கு 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் உள்ளது. 300 மில்லிலீட்டர் கொண்ட ஓர் இளநீர், 600 மி.கி. அல்லது அதற்கும் மேலான பொட்டாசியத்தை ஒரே நேரத்தில் இரத்தத்தில் சேர்க்கின்றது. உடல்நலம் உள்ளவருக்கு இது நன்மை. பொட்டாசியம் ஏற்கெனவே உயர்ந்துள்ள ஒருவருக்கு இது ஆபத்தாக முடியலாம். அவ்வாறே, வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் அநேகமாக இல்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் அது குறிப்பிடத்தக்க அளவில் உண்டு.

தவறான கருத்துகள்

• "இந்துப்பில் சோடியம் இல்லை." இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே ஆகும். நிறத்திலும் நுண்ணளவுத் தாதுக்களிலும் மட்டுமே வேறுபாடு.

• "சோடியம் குறைந்த உப்பு சிறுநீரகத்திற்கு நல்லது." இவ்வகை உப்புகளில் சோடியத்திற்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலக்கப்படுகின்றது. பொட்டாசியம் குளோரைடின் எடையில் 52 விழுக்காடு பொட்டாசியம். 30 விழுக்காடு கலந்த உப்பில் நாளொன்றுக்கு 5 கிராம் உண்டால் ஏறத்தாழ 790 மி.கி. பொட்டாசியம் கூடுதலாகச் சேரும். உலக சுகாதார அமைப்பு 2025 சனவரியில் இவ்வகை உப்புகளைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை அப்பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்தது.

• "இயற்கையானது தீங்கு செய்யாது." புளிச்சிக்காய் எனப்படும் பிலிம்பியின் சாற்றில் ஆக்சாலிக்கு அமிலம் மிகுந்துள்ளது. அதன் செறிந்த சாற்றைக் குடித்தவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு நேர்ந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் இனமான நட்சத்திரப்பழம், சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கக் கூடிய நரம்பு நச்சையும் கொண்டுள்ளது.

• "சத்துமாவும் ஊட்டச்சத்துப் பானப் பொடியும் அனைவருக்கும் ஏற்றவை." இவற்றில் பால்பொடி, கடலை, பருப்பு, தாது உப்புகள் ஆகியன செறிந்திருப்பதால் பொட்டாசியமும் பாசுபரசும் மிகுதியாக இருக்கும்.

முடிவு செய்யும் படிமுறை

1. அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு எந்தக் கட்டுப்பாடுகள் தமக்கு உண்டு என்பதை அறிதல். பொட்டாசியம் இயல்பாக உள்ளவர் பொட்டாசியம் பற்றிய படிகளைத் தளர்த்திக்கொள்ளலாம்.
2. விவரச்சீட்டு இருந்தால், உண்ணப்போகும் அளவிற்கான சோடியத்தைக் கணக்கிடுதல்.
3. உட்பொருள் பட்டியலில் பாசுபேட்டு, பொட்டாசிய எண்களைத் தேடுதல். பாசுபேட்டு எண் இருந்து, அது இல்லாத மாற்று உணவு கிடைக்குமாயின் மாற்றையே தேர்தல்.
4. விவரச்சீட்டு இல்லையெனில், கெடாமை, சமைத்த நீர், சுண்டல் ஆகிய மூன்று வினாக்களையும் கேட்டல்.
5. புரதம் எந்தத் திசையில் தேவை (குறைக்கவா, கூட்டவா) என்பதைப் பார்த்தல்.
6. அளவை முடிவு செய்தல். பெரும்பாலான உணவுகளுக்கு விடை "ஆம்", "இல்லை" என்பதாக இராது. "இவ்வளவு" என்பதாகவே இருக்கும்.
7. ஒரே நாளில் உண்ணும் ஏனைய உணவுகளோடு கூட்டிப் பார்த்தல். வரம்பு ஓர் உணவுக்கானது அன்று, ஒரு நாளுக்கானது.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்கின்றன. எனினும் அவர்கள் உட்கொள்ளும் நோயெதிர்ப்புத் தணிப்பு மருந்துகளான தாக்குரோலிமசு, சைக்குளோசுபோரின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்தக் கூடிய திராட்சைப்பழமுசு, பம்பளிமாசு ஆகியவற்றின் சாற்றைத் தவிர்க்க வேண்டும். நோய்த்தொற்று வாய்ப்பு மிகுதியாதலால், திறந்துவைத்து விற்கப்படும் ஆறிய உணவுகளும் அவர்களுக்கு ஏற்றவையல்ல.

வரலாறு

உணவின் வழியாகச் சிறுநீரகச் சுமையைக் குறைக்கும் முயற்சிகளுள் புகழ்பெற்ற ஒன்று, வால்ட்டர் கெம்ப்னர் 1939 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக்குப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அரிசி உணவு முறையாகும். உப்பில்லாச் சோறும் பழங்களுமே அதன் அடிப்படை. வில்லெம் கோல்ஃப் 1943 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் செயற்கைச் சிறுநீரகப் பொறியை உருவாக்கினார். 1960களின் முற்பகுதியில் இத்தாலிய மருத்துவர்களான சியோர்டானோ, சியோவனெட்டி ஆகியோர் புரதம் குறைத்த உணவால் யூரியா மிகைப்பின் துன்பங்கள் தணிவதைக் காட்டினர். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971 ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செய்யப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் ஊட்டச்சத்து அட்டவணை, பருப்பு, காய், கீரை, மீன் வகைகளின் பொட்டாசியம், பாசுபரசு அளவுகளை அறிய உதவுகின்றது. அது பெரும்பாலும் சமைக்காத பொருள்களுக்கானது. சமைத்த உணவிற்கு உட்பொருள்களைக் கூட்டியே மதிப்பிட வேண்டும்.

தமிழகச் சூழல்

சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2023 ஆம் ஆண்டில் தமிழக வேளாண் தொழிலாளர்கள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேரிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் காணப்படவில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய காரணம் தெரியாத சிறுநீரக நோய் முன்னரே அறியப்பட்டுள்ளது.

டயாலிசிசு தேவைப்படுவோர் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாஞ்சோலை போன்ற மலையூரிலிருந்து மணிமுத்தாறு வழியாகக் கீழிறங்கிச் சமவெளி மருத்துவமனையை அடைவது ஒரு முழு நாள் வேலை. ஒரு முறை தவறினாலும், அந்த இடைவெளியில் பொட்டாசியமும் நீரும் உடலில் சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே மருத்துவமனை தொலைவில் உள்ளவருக்கு உணவுத் தெரிவு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது. டயாலிசிசு செய்ய இயலாத நாட்களில் அவர் கையில் இருக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் உணவுத் தட்டே ஆகும். 2021 ஆகத்தில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், வீட்டிலேயே வயிற்றறை வழியாக டயாலிசிசு செய்துகொள்வோருக்கு அதற்கான கரைசல் பைகள் வழங்கப்படுகின்றன. இம்முறையில் நாள்தோறும் கழிவு நீங்குவதால் பொட்டாசியக் கட்டுப்பாடு பொதுவாகத் தளர்கின்றது. புரதத் தேவை உயர்ந்தே இருக்கின்றது.

இக்கட்டுரையில் தரப்பட்டுள்ள அளவுகள் பொதுவானவை. ஒருவருக்கான வரம்புகளை அவரது இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து மருத்துவரும் உணவியல் வல்லுநருமே முடிவு செய்ய இயலும்.

இவற்றையும் பார்க்க

• சிறுநீரகம்
• நாட்பட்ட சிறுநீரக நோய்
• டயாலிசிசு
• பொட்டாசியம்
• மாஞ்சோலை